ஹாம்ஸ்டர் கடிக்கிறதா? முதலில் கையைக் கழுவுங்கள்

மதுரையில் ஏதோ ஒரு கடையில் பார்த்து, பிள்ளை அடம்பிடித்து, ஒரு ஹாம்ஸ்டரை அட்டைப்பெட்டியில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் ராமநாதபுரம் வந்து இறங்கியிருப்பீர்கள். வந்த கையோடு கூண்டுக்குள் விரலை விட்டிருப்பீர்கள். அது சுருக்கென்று கடித்திருக்கும். பிள்ளை அழுதிருக்கும். வீட்டுப் பெரியவர்கள் "காசு கொடுத்து எலியை வாங்கிட்டு வந்திருக்கான் பாரு" என்று ஆரம்பித்திருப்பார்கள். அங்கே நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கடற்கரையில் யார் வளர்த்தாலும் சில விஷயங்கள் சென்னைக்காரருக்குச் சொல்வதுபோல் இருக்காது. அதனால் அவற்றையே கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன்.

ஏன் கடிக்கிறது

ஹாம்ஸ்டருக்குப் பார்வை மந்தம். கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே வருவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே அதற்குச் சரியாகப் பிடிபடாது. அது நம்பி வாழ்வது மூக்கையும் காதையும்தான். ஆகவே உங்கள் கை கூண்டுக்குள் நுழையும்போது அதற்கு அது கையாகத் தெரிவதில்லை. ஒரு வாசனை வருகிறது, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் அந்தக் கை என்ன வாசம் அடிக்கும்? காலையில் நகரை கழுவியிருப்போம், கணவாய் உரித்திருப்போம், கருவாட்டுச் சட்டியைத் திறந்து மூடியிருப்போம். நமக்கு அந்த வாசம் பழகிப்போய்த் தெரியாது. ஹாம்ஸ்டருக்கு அது சாப்பாடு. விரல் நுனியைக் கடித்துப் பார்க்கிறது. அதில் கோபமும் இல்லை, குணக்கேடும் இல்லை. இன்னொரு வகை, முண்டு மிளகாயைக் கிள்ளிய கை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் மிளகாய்தான். அந்தக் காரம் சின்ன மூக்கில் ஏறினால் அது மிரண்டுபோய்க் கடிக்கும். இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கையைக் கழுவுவது.

மீன் வாசம் போகக் கடலை மாவு போட்டுத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டு அப்படியே வராதீர்கள், அந்தப் புளிப்பு வாசம் பெரும்பாலான ஹாம்ஸ்டர்களுக்கு ஆகாது. மல்லிகை எண்ணெய், சந்தன சோப்பு, கை கிரீம் எல்லாம் இந்தக் கணக்கில் மீன் வாசத்துக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. வாசம் குறைந்த ஒரே சோப்பைத் தினமும் பயன்படுத்துங்கள். இன்றைக்கு ஒரு வாசம், நாளைக்கு ஒரு வாசம் என்று போனால் அதற்குத் தினமும் புது ஆள் வந்து நிற்பதுபோல் ஆகிவிடும். சோப்பை மாற்றிய நாளிலிருந்தே கடி பாதியாகக் குறைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, மேலிருந்து இறங்கும் கை. பாம்பனிலும் மண்டபத்திலும் மீன் இறக்கும் இடத்துக்கு மேலே செம்பருந்து வட்டமிட்டுச் சரேலென்று இறங்குமே, கூண்டின் மேல்கதவைத் திறந்து முதுகைப் பிடிக்க வரும் கை ஹாம்ஸ்டருக்கு அதேதான். கை எப்போதும் பக்கவாட்டில், தரையை ஒட்டி, மெதுவாக வர வேண்டும்.

மூன்றாவது, தூக்கம். இது இரவில் நடமாடும் பிராணி. பகல் முழுக்க உறங்கும். மதியம் பள்ளி விட்டு வந்த பிள்ளை கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று உறங்குவதைத் தோண்டி எடுத்தால் கடிக்காமல் என்ன செய்யும்? இரவு 8 மணிக்கு மேல் தானாக எழுந்து வரும். விடியலுக்கு முன்னும் சுறுசுறுப்பாக இருக்கும். கடலுக்குப் போகிற வீடுகளில் 3 மணிக்கே விளக்கு எரியும். அந்த நேரமும் பழக்குவதற்கு நல்ல நேரம்தான். பகலில் பழக்க நினைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இடம் சரியில்லாவிட்டால் எதுவும் நடக்காது

கடைகளில் நீலக்கம்பியும் மஞ்சள் அடித்தட்டுமாக ஒரு கூண்டு கொடுத்து "இதுவே தாராளம்" என்பார்கள். தாராளம் இல்லை. ஒரு ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் தேவை. நெருக்கடியில் கிடக்கும் ஹாம்ஸ்டர் இரவெல்லாம் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும், பிறகு கம்பிக்குள் வரும் விரலையும் கடிக்கும். அதைப் பழக்குவது ரொம்பச் சிரமம்.

பெரிய பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டி வாங்கி, மூடியில் பாதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் கம்பி வலை அடித்துக்கொள்வது மலிவான வழி. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மீன்தொட்டியும் ஆகும், மேலே வலைமூடி போட்டால். மீன் போடும் தெர்மோகோல் பெட்டி வேண்டவே வேண்டாம். ஒரே இரவில் கொறித்து ஓட்டை போட்டுவிடும், உருண்டைகளை விழுங்கியும் வைக்கும். மீன்கூடையின் ஓட்டைகளில் குட்டி இனம் சுலபமாக நழுவிவிடும்.

உள்ளே 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் கிழித்த வெள்ளைக் காகிதமோ, வாசனை சேர்க்காத டிஷ்யூவோ போடுங்கள். அது வளை தோண்டி வாழும் பிராணி. ஒளிய இடம் இருந்தால்தான் வெளியே வரத் துணியும். தச்சுப்பட்டறை மரத்தூள் வேண்டாம். நைசான தூள் மூச்சுக்கு ஆகாது, எந்த மரம், என்ன மருந்து அடித்தது என்றும் தெரியாது. பஞ்சு அதைவிட மோசம், காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

ஒளிந்துகொள்ள வீடு வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். சாயம் போடாத பனையோலைக் கொட்டான் ஒன்றைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வாசல் வெட்டிவிடுங்கள். கடித்தாலும் கெடுதல் இல்லை. அதோடு ஒரு பெரிய சிரட்டை, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கியது. இந்தச் சிரட்டை பின்னால் முக்கியமான வேலைக்கு வரும்.

ஓடுவதற்குச் சக்கரம் வேண்டும். கடையில் கூண்டோடு வருவது பெரும்பாலும் சின்னது, முதுகு வளைந்துபோகும். பெரிய சிரியன் இனத்துக்கு விட்டம் 28 செ.மீ., குட்டை இனத்துக்கு 20 செ.மீ. அளவில் பாருங்கள். கம்பிப் படிகள் இல்லாமல் முழுத்தளமாக இருக்கட்டும்.

ஹாம்ஸ்டர் தண்ணீரில் குளிக்காது, மணலில் புரளும். அதற்காகக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். அதில் உப்பும் சிப்பித் துணுக்கும் இருக்கும். ஆற்றுமணலைச் சலித்து, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, வாணலியில் வறுத்து ஆறவிட்டு ஒரு தட்டில் வையுங்கள். தூள் தூளாகப் பறக்கும் பொடி எதையும் பயன்படுத்த வேண்டாம்.

"ஜோடியா எடுங்க, தனியா இருந்தா ஏங்கிப்போயிரும்" என்றும் கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். சிரியன் ஹாம்ஸ்டர் பிறந்து 6 முதல் 8 வாரம் ஆனதும் தனியாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று குதறிக் கொன்றுவிடும். இன்னொன்றின் வாசனை கூடவே இருக்கும் ஹாம்ஸ்டர் எப்போதும் சண்டைக்குத் தயாராக இருக்கும். அந்தக் கோபம் உங்கள் கையில்தான் இறங்கும்.

நம்மூர் வெயில்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சிரியன் ஹாம்ஸ்டரின் சொந்த ஊர் சிரியாவில் அலெப்போவைச் சுற்றியுள்ள பகுதி. இப்போது உலகம் முழுக்க வீடுகளில் இருப்பவற்றில் ஏறக்குறைய எல்லாமே 1930-இல் அங்கே ஒரு வளையிலிருந்து தோண்டி எடுத்த தாய், குட்டிகளின் வழி வந்தவை. வறண்ட நாட்டுப் பிராணிதானே, நம் வெயில் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பகல் சூட்டில் அது ஆழமான வளைக்குள் குளிர்ச்சியாகக் கிடக்கும். அதற்கு இதமானது 18 முதல் 24 டிகிரி. 30-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் 35-க்கு மேல் போகிறது, அதோடு கடலோரப் புழுக்கம் வேறு.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள் என்றால், கோடை விடுமுறையில் பிள்ளைக்கு வாங்கித் தருவதை ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால், வீட்டின் உள்ளறையில், தரையில், சுவர் ஓரமாகக் கூண்டை வையுங்கள். ஜன்னல் வெயில் படக் கூடாது. கச்சான் காற்று நேரே அடிக்கும் இடமும் வேண்டாம். கூண்டுக்குள் ஒரு கடப்பா கல் துண்டு போட்டால் அதன்மேல் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்துக்கொள்ளும். சின்ன மண்சட்டியை ஓரத்தில் படுக்கவைத்தால் அதற்குள்ளும் புகுந்துகொள்ளும். மின்சாரம் போன நேரத்தில், உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டினாற்போல் வையுங்கள். மின்விசிறி அறையில் சுற்றட்டும், அதன்மேல் நேராகப் படாமல்.

தட்டையாக நீட்டிப் படுத்து, வேகவேகமாக மூச்சு வாங்கி, வாயோரம் ஈரமாக இருந்தால் சூடு தாக்கிவிட்டது. குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, நனைத்துப் பிழிந்த துணியை உடம்பில் ஒற்றிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். பச்சைத்தண்ணீரில் முக்கி எடுக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். புழுக்கத்தில் தவிக்கும் ஹாம்ஸ்டரும் கடிக்கும் என்பதால்தான் பழக்குவதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன். சூடான இரவில் பயிற்சி வேண்டாம்.

குடிக்கக் கிணற்று உப்புத்தண்ணீர் வேண்டாம். நீங்கள் குடிக்கும் காவிரித் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ தினமும் மாற்றி வையுங்கள்.

பழக்கும் முறை

முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே செய்யாதீர்கள். பேருந்து இரைச்சல், குலுக்கல், புது இடம், புது வாசனை என்று அது அரண்டுபோய் வந்திருக்கிறது. தீனி, தண்ணீர் வைப்பதோடு சரி. கூண்டின் ஒரு பக்கத்தைத் துணியால் மூடிவிடுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை அந்த அறையில் வேண்டாம். தொலைக்காட்சிக்குப் பக்கத்திலும் வேண்டாம். அந்த வாரம் ஊரில் திருவிழா, ஒலிபெருக்கி, வெடி என்றால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் ஒரே ஒரு வேலை மட்டும் உண்டு. வாசனை போடாத டிஷ்யூவை உங்கள் சட்டைக்குள் வைத்து ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு, கிழித்து அதன் படுக்கை ஓரத்தில் போடுங்கள். நீங்கள் உறங்கும்போது அது உங்கள் வாசனையை எடுத்துப் போய்த் தன் கூட்டில் சேர்த்துக்கொள்ளும். அடுத்த நாள் பார்த்தால் போட்ட இடத்தில் டிஷ்யூ இருக்காது. நல்ல அறிகுறி அது.

அப்புறம் குரல். தினமும் இரவு ஒரே நேரத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் எதையாவது பேசுங்கள். கைபேசியில் அக்காவோடு ஊர்க்கதை பேசினாலும் சரி. நீங்கள் பேசும்போது அது ஓடி ஒளியாமல் தன் வேலையைப் பார்த்தால், முகம் கழுவினால், கொட்டாவி விட்டால், அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது கரண்டி. நன்றாகக் கடிக்கும் ஹாம்ஸ்டருக்கு நேரே விரலை நீட்டாமல், நீளமான மரக்கரண்டியின் நுனியில் ஒரு சூரியகாந்தி விதை வைத்து நீட்டுங்கள். விதை கிடைக்காவிட்டால் உப்புப் போடாத பரங்கி விதை, ஒரு சிட்டிகை தினை, வெள்ளரித் துண்டு எதுவும் ஆகும். கம்பு, சாமை, குதிரைவாலி எல்லாம் விரும்பித் தின்னும். கருவாடு, பனைவெல்லம், மிக்சர் வேண்டாம். வெங்காயம், பூண்டு, சாக்லேட் கூடவே கூடாது. கரண்டியிலிருந்து பயமில்லாமல் வாங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு நாளும் கரண்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடியுங்கள். கடைசியில் விதை உங்கள் விரலுக்கு அருகில் வந்திருக்கும். கம்பிக்கு வெளியே நின்று இடுக்கு வழியாகத் தீனி நீட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். கம்பிக்குள் எது வந்தாலும் தீனி என்று அது படித்துக்கொள்ளும், நாளைக்கு விருந்தாளி வீட்டுப் பிள்ளையின் விரல் அதே இடுக்கில் நுழையும்.

இனி உள்ளங்கை. இந்த வேலையின் பாதி இதில்தான் இருக்கிறது, அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. கை கழுவி, புறங்கையைப் படுக்கையின் மேல் வைத்து, உள்ளங்கை வானம் பார்க்க, நடுவில் ஒரு விதையோடு அசையாமல் வையுங்கள். விரல்கள் சேர்ந்திருக்கட்டும். அப்புறம் காத்திருங்கள். முதலில் சிரட்டைக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வரும், மீசை துடிக்கும். பின்வாங்கும். மறுபடி வரும். முன்னங்கால் இரண்டையும் விரல் நுனியில் ஊன்றும், அது சில்லென்று இருக்கும். உடம்பை ரப்பர்போல நீட்டி, பின்னங்கால் வளையிலேயே இருக்க, விதையைக் கவ்விக் கன்னப்பைக்குள் தள்ளிக்கொண்டு ஒரே ஓட்டம். இன்றைக்கு இவ்வளவு போதும், கையை எடுத்துவிடலாம்.

சில நாளில் அது விதைக்குப் பதிலாக விரலைப் பல்லால் மெதுவாக அழுத்திப் பார்க்கும். வலிக்காது, கிள்ளுவதுபோல் இருக்கும். அது கடி இல்லை, இது தின்னும் பொருளா என்று சோதிக்கிறது. அப்போது வெடுக்கென்று இழுத்தால்தான் அடுத்த தடவை நிஜமாகவே பல் இறங்கும். உச்சிப்புளியில் என் அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது கை நடுங்கிக்கொண்டே, "சித்தி, கை மரத்துப்போச்சு, எடுத்துக்கவா?" என்றாள். "எடுக்காதே. அது உட்கார்ந்து தின்னுட்டுப் போகட்டும்." விதையை எடுத்துக்கொண்டு ஓடாமல் உள்ளங்கையிலேயே உட்கார்ந்து தோலை உரித்துத் தின்னும் நாள்தான் கணக்கு. அதுவரை தூக்க நினைக்காதீர்கள்.

தூக்குவதற்குத்தான் சிரட்டை. நாள்தோறும் அதற்குள் ஒரு விதை போட்டு வந்திருந்தால் தானாக ஏறிப் படுத்திருக்கும். அதோடு மெதுவாகத் தூக்கி, இன்னொரு கையால் மேலே பாதி மறைத்து, உங்கள் மடியில் சாய்த்து விடுங்கள். கையே படாமல் வெளியே வந்துவிடும். பயந்த பிள்ளைக்கும் பயந்த ஹாம்ஸ்டருக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் வாசனையும் அதற்குப் போய்ச் சேராது, எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரியாது.

வெளியே விடுவதற்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, துணி ஊறவைப்போமே அதுபோல, நன்றாகக் கழுவிக் காய்ந்ததாக இருந்தால் நல்லது. அடியில் பழைய துண்டு விரித்து, நீங்களும் காலை உள்ளே வைத்து உட்காருங்கள். உங்கள் கால், கை, சட்டை மேலெல்லாம் அது ஏறி இறங்கட்டும். நீங்கள் அதைத் தொட வேண்டாம், அது உங்களைத் தொடட்டும். சிலர் குளியலறையைப் பூட்டிக்கொண்டு விடச் சொல்கிறார்கள். நம் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையும் கழிப்பறைக் குழியும் இருக்கும், அதற்குள் போனால் திரும்பி வராது. முடியவே முடியாதென்றால் ஓட்டையைக் கல் வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். பூனை வீட்டுக்குள் இருந்தால் இதெல்லாம் கதவு மூடிய அறையில் மட்டும்.

தொட்டியில் நன்றாக ஏறி விளையாடத் தொடங்கியதும், இரண்டு கையையும் கிண்ணம்போல் சேர்த்து அதை ஏறவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்குங்கள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு நடந்துகொண்டே இருக்கும். எப்போதும் தரையில் உட்கார்ந்துதான். நின்றுகொண்டு பிடித்து நழுவ விட்டால் அதற்கு எலும்பு முறியும், அதன்பிறகு கையையே நம்பாது. 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் தூக்க வேண்டாம்.

எவ்வளவு நாள் ஆகும்? ஒன்று ஒரே வாரத்தில் மடியில் ஏறும், இன்னொன்று இரண்டு மாதம் இழுக்கும். கடையில் எல்லோரும் பிடித்துப் பிடித்துப் பார்த்தது என்றால் நேரம் கூடும். தினமும் 10, 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பழக்குவது வீண்.

எச்சரிக்கையும் கடியும்

கடிப்பதற்கு முன் அது சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொள்ளும், பல்லை நறநறவென்று அடிக்கும், பின்னங்காலில் நின்று முன்னங்காலைத் தூக்கும். ரொம்பப் பயந்தால் மல்லாந்து விழுந்து வாயைத் திறந்து கீச்சிடும். இதில் எதைப் பார்த்தாலும் கையை அப்படியே நிறுத்துங்கள். காது மறுபடி நிமிர்ந்ததும் மெதுவாக எடுங்கள்.

கடித்தே விட்டது என்றால் உதறாதீர்கள். பறந்துபோய்ச் சுவரில் அடிபட்டுச் செத்த ஹாம்ஸ்டர்கள் உண்டு. கத்தவும் வேண்டாம், மூக்கில் சுண்டவும் வேண்டாம், முகத்தில் ஊதவும் வேண்டாம். கையைத் தரையோடு இறக்குங்கள், விட்டுவிடும். பிறகு ஒரு நிமிடம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு எழுந்து போங்கள். கடித்தவுடன் நீங்கள் ஓடினால், கடித்தால் ஆள் போய்விடும் என்று அது கற்றுக்கொள்ளும்.

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கிருமிநாசினி தடவுங்கள். டிடி ஊசி போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, அல்லது காயம் ஆழம், வீங்கிச் சிவக்கிறது, காய்ச்சல் வருகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே "எலி கடிச்சிருச்சு" என்று பொதுவாகச் சொல்லாமல், வீட்டில் வளர்க்கும் ஹாம்ஸ்டர், எப்போது வாங்கியது என்று விவரமாகச் சொல்லுங்கள். வீட்டிலேயே அடைந்து வளரும் ஹாம்ஸ்டரிடமிருந்து ரேபிஸ் வருவது மிக மிக அரிது. ஆனால் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். கடித்த கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் அது ஒவ்வாமை, காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். ஹாம்ஸ்டர் வழியாகப் பரவக்கூடிய ஒரு வைரஸ் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

எல்லாம் செய்தும் கடித்தால்

முதலில் கூண்டைச் சுத்தம் செய்யும் முறையைப் பாருங்கள். வாரம் தவறாமல் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி மொத்தமாகப் புதிது போடும் வீடுகளில் ஹாம்ஸ்டர் ஒருபோதும் நிதானத்துக்கு வருவதில்லை. தன் வாசனை முழுக்கப் போய்விட்ட வீட்டில் மறுபடி முதலிலிருந்து காவல் காக்கத் தொடங்கும். மூத்திர மூலையை மட்டும் அடிக்கடி எடுத்துவிட்டு, முழுச் சுத்தம் செய்யும்போதும் பழைய காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது திரும்பப் போடுங்கள்.

பெட்டைகள், அதுவும் சிரியன் இனத்தில், தன் இடத்துக்காகக் கூடுதலாகச் சண்டை போடும். நான்கு நாளுக்கு ஒரு தடவை அவற்றுக்குப் பருவம் வரும், அன்றைக்குக் குணம் மாறியிருக்கலாம். ஆணும் பெண்ணும் கலந்து கிடக்கும் கடையில் வாங்கியது என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. சிரியனுக்குக் கர்ப்பகாலம் வெறும் 16 நாள்தான். வாங்கி ஒரு வாரத்தில் வயிறு பெருத்து, காகிதத்தை அள்ளி அள்ளிக் கூடு கட்டி, திடீரென்று மூர்க்கமாகக் கடித்தால் குட்டி போடப்போகிறது. பழக்குவதை நிறுத்திவிட்டு, அவித்த முட்டை வெள்ளைக்கரு கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, கூட்டைத் தொடாமல் விடுங்கள். குட்டிகளில் உங்கள் கை வாசனை பட்டால் தாயே தின்றுவிடலாம்.

நன்றாகப் பழகிய ஹாம்ஸ்டர் ஒருநாள் திடீரென்று கடிக்கத் தொடங்கினால் அதற்கு எங்கோ வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல் வளைந்து நீண்டிருக்கும், கன்னப்பையில் எதுவோ சிக்கியிருக்கும், வால்பக்கம் நனைந்து நாறும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் ஆடு, மாடு, கோழி பார்த்துப் பழகியவர்கள் இருப்பார்கள். ஹாம்ஸ்டர் பார்ப்பீர்களா என்று முன்னமே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். இல்லையென்றால் மதுரையில் செல்லப்பிராணிகளுக்கான மருத்துவரைத் தேடுங்கள், திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வயிற்றுப்போக்கென்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். இத்தனை சின்ன உடம்பு ஒன்றிரண்டு நாளில் போய்விடும்.

சில ஹாம்ஸ்டர்கள் கடைசிவரை கையில் ஏறாது. ரோபரோவ்ஸ்கி என்ற மிகச் சிறிய இனம் அப்படித்தான், பாதரசம்போல் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்திப் பிடித்துப் பழக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. இரவு சாப்பாடு முடிந்து விளக்கைக் குறைத்துவிட்டு, அது மணலில் புரளுவதையும் கன்னம் புடைக்கத் தினையை அள்ளி வளைக்குக் கடத்துவதையும் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்கலாம். கூண்டை மாற்றும் நேரத்தில் மட்டும் சிரட்டையை நீட்டினால் போதும், அதில் ஏறிக்கொள்ளும்.